காலி டேங்க்கின் மேல் உட்கார்ந்தவள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இன்றைக்கு ஒரு பெட்ரோல் டேங்க்கின் கதை சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கும். பயந்தால் பயந்துகொள்ளுங்கள், இங்கே யாரும் சிரிக்க மாட்டோம். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

வாடகைக் கார் ஓட்டுகிறவன் ஒருவன். சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் கார் நிற்கும். அவன் மனைவி மசக்கையாக இருந்தாள். பால் பொங்கினால் குமட்டும், பவுடர் வாசனைக்கும் குமட்டும். ஒரு காலையில் அவள், "என்னங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதே" என்றாள்.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தான். "நேத்து என் சட்டை நாறுதுன்ன. அதுக்கு முன்னாடி வெங்காயம். உன் மூக்க நம்பினா நான் வீட்டையே காலி பண்ணணும்."

சில நாள் கழித்துக் காரை எடுத்தபோது தரையில் ஈரம். குனிந்து பார்த்தான். டேங்க்கின் அடியில், துருப்பிடித்த மடிப்பில், ஊசி குத்தினாற்போல ஓர் ஓட்டை. சோப்பைத் தேய்த்து அடைத்தான். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சோப்பு எத்தனை நாள் தாங்கும்? மறுபடியும் சொட்டியது. மறுநாள் வெளியூர் சவாரி வேறு. டேங்க் வேலை தெரிந்த கடைக்குப் போனால் நாளே போய்விடும் என்று மச்சானின் பட்டறைக்குக் கிளம்பினான். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று அவளும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அண்ணன் வெல்டர். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வதில் கெட்டிக்காரர். எதற்கெடுத்தாலும் "ஒண்ணும் ஆகாது" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'ஒண்ணுமாகாது' தான்.

இருவரும் டேங்க்கைக் கழற்றினார்கள். இருந்த பெட்ரோலை ஒரு தகர டின்னில் பிடித்து, வெளியே நின்ற அண்ணனின் வேனில் ஊற்றினார்கள். டின்னை மூடி, பாதி முடிந்த கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். டேங்க் மேசைமேல் ஏறியது.

அண்ணன் அதைத் தட்டினார். டங், டங். "கேட்டியா மாப்ள? சுத்தமா காலி. பொட்டு வச்ச மாதிரி ஒரு வெல்டிங் வச்சா முடிஞ்சுது."

"காலின்னா ஏன் இன்னும் நாறுது?" வாசலில் நின்றவள் கேட்டாள்.

"உனக்கு எதுதான் நாறல?" என்றான் கணவன்.

"பெட்ரோல்தான் போயிருக்கு அண்ணே. ஆவி உள்ளேயே இருக்கு. நெருப்பு வைக்காதீங்க."

"டேங்க்குக்குள்ள ஆவி இருக்காம் மாப்ள! பேயோட்டுறவனத்தான் கூப்பிடணும்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனின் கை நெருப்பு வைக்கும் குழாயைத் தேடியது. கூடப் பிறந்தவனும் கட்டியவனும் அந்த டேங்க்கின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து நிற்கிறார்கள். கத்தினால் மசக்கை என்பார்கள். அழுதால் பொம்பளை என்பார்கள். விறுவிறுவென்று போய் டேங்க்கை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் பின்னாலேயே ஓடிவந்தான். "எந்திரி! தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

"பயந்தாங்கொள்ளி!"

"ஆமா, பயமாத்தான் இருக்கு. எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும்."

அவள் டேங்க்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவ கோபம் ஆறட்டும் மாப்ள, அதுவரைக்கும் கேட் வேலையப் பாக்குறேன்" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தார் அண்ணன். நெருப்பைப் பற்றவைத்தார். பக்கத்தில் அந்த டின் கிடந்தது. அதுவும் காலிதானே, யார் கவனிப்பார்கள்?

டமார்!

டின் எகிறிக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. வாசலை ஒரு நெருப்புப் பந்து நிறைத்து மறைந்தது. அப்புறம் சத்தமே இல்லை. "அண்ணே!" என்று கத்தினாள். கணவன் புகைக்குள் ஓடினான். அவன் திரும்பி வரும்வரை அவள் அந்த வாசலையே பார்த்திருந்தாள்.

அண்ணனைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தான். கை சிவந்து கன்றியிருந்தது. முன்முடியும் இரண்டு புருவமும் கருகிப் போயிருந்தன. உயிர் இருந்தது.

அண்ணன் அவள் உட்கார்ந்திருந்த டேங்க்கையே பார்த்தார். "அது சின்ன டின்னு, மாப்ள. இது வெடிச்சிருந்தா..." கணவன் அவள் காலருகே அப்படியே குந்திவிட்டான். "அன்னைக்கே உன் பேச்சக் கேட்டிருக்கணும்" என்றான்.

"காலி, காலின்னு சொன்னேன் பாப்பா. காலியாகியிருக்க வேண்டியது நாங்கதான்" என்றார் அண்ணன். "பயப்படுறவங்களப் பாத்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, எதுக்குப் பயப்படுறாங்கன்னு ஒரு தடவ கேட்டிருக்கணும்."

சவாரி வேறு டிரைவருக்குப் போனது. டேங்க், வேலை தெரிந்த கடைக்குப் போனது. அங்கே நெருப்பையே காட்டவில்லை. கழுவி, ஆவி போக வைத்து, துருவைச் சுரண்டி, அதற்கென்று இருக்கிற பசையைப் பூசி அடைத்தார்கள். அண்ணனுக்குப் புருவம் கோணலாக முளைத்தது. "ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு மட்டும் அவர் வாயில் மறுபடி முளைக்கவே இல்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. பயம் என்று ஒருவர் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பில் மட்டும் நெருப்பு எரியட்டும். வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் போகும்போது இருந்த புருவத்தோடேயே திரும்பி வரட்டும்.