சூட்டில் பதிந்த ரேகை

கார்லீன் மோட்டார் சைக்கிள் சைலன்சர் ஒன்றைப் பழைய துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து கராஜின் மேசைமேல் வைத்தாள். வெண்டல் கொடுத்தது என்றாள். அவன் வேறு வண்டி வாங்கிவிட்டானாம். இவள் வண்டிக்கு இது கச்சிதமாகப் பொருந்துமாம். சனிக்கிழமை எல்லோரும் ஏரிக்கரைச் சாலையில் கிளம்புவதற்குள் மாட்டிவிட முடியுமா என்று கேட்டாள். ரெய்னோ துண்டைப் பிரிக்காமலே தலையசைத்தான். மே மாதம் பிறந்தும் கராஜின் வடக்கு மூலையில் அழுக்குப் பனி ஒரு குவியலாய்க் கரையாமல் கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் கூட நிக்கட்டுமா?"

"வேணாம். வெறுங்கையால தொட்டு வச்சிருவ."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதையேதான் சொல்ற" என்று சிரித்துவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள். அடுப்பில் இறைச்சி பொதிந்த பேஸ்டி சூடாகும் வாசனை வந்தது.

இரும்புச் சுரங்கத்தில் வீடளவு லாரிகளைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் ரெய்னோ. இடுப்பெலும்பை மாற்றியபின் இனி இரண்டு சக்கரம் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். போன இலையுதிர் காலத்தில் தன் வண்டியை விற்றான். அப்போதுதான் பள்ளிப் பேருந்து ஓட்டும் கார்லீன் தனக்கென்று ஒரு வண்டி வாங்கினாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தாள். பெயிண்ட் கடைக்கார வெண்டல் அந்தக் கூட்டத்தில் முன்னால் போகிறவன். ஊரின் மறுகோடியில் சிரித்தாலும் கேட்கும் சிரிப்பு அவனுக்கு. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் வாயில் வெண்டல் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ரெய்னோ எண்ணுவான்.

அவள் வண்டியின் சத்தம் மெல்லியது. தெருமுனையில் திரும்பும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். எழுந்து போய்க் காபிக்கு வைப்பான். இனி அவள் வெண்டலின் சத்தத்தோடுதான் தெருவுக்குள் வருவாள். வருவது யார் என்று சாளரத் திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

துண்டைப் பிரித்தான். நன்றாகத் துடைத்துப் பளபளவென்றிருந்தது சைலன்சர். புரட்டிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு விரல் ரேகை. வெறும் விரல் பட்ட எஃகைத் துடைக்காமல் இஞ்சினைக் கிளப்பினால் விரலின் எண்ணெய் சூட்டில் வெந்து அப்படியே பதிந்துவிடும். அதற்குத்தான் எதை மாட்டினாலும் கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் அவன் குழாய் முழுவதையும் துடைப்பான். வெண்டலுக்கு அந்தப் புத்தி ஏது என்று நினைத்தபடி துணியால் தேய்த்தான். போகவில்லை. பிறகுதான் தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ரேகை அவனுடையதைவிட ஒடுங்கியிருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. தக்காளி டப்பாவின் மூடி கிழித்து, அவனே கட்டுப்போட்டு, ஆறியபின்னும் கார்லீனின் ஆள்காட்டி விரலில் தங்கிவிட்ட கோடு.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் வெண்டலின் கராஜில் மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இதைப் பிடித்திருக்கிறாள். தொடாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தொட்ட இடத்தைத் துடைக்கவும் இல்லை. முத்தமிட்டதைப் பார்த்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று தோன்றியது. உள்ளே தட்டுகள் வைக்கும் ஓசை கேட்டது.

பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினான். சைலன்சரின் வாய்க்குள், புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட் வளையம் நசுங்கி, உலோகத்தோடு உலோகமாய் ஒட்டியிருந்தது. பழக்கமில்லாதவன் அதைக் குழாயின் சுவர் என்றே நினைப்பான். ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். கார்லீன் வாங்கிவந்த புதிய கேஸ்கெட் மேசையில்தான் இருந்தது. ரெய்னோ அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பழையதை அப்படியே விட்டு சைலன்சரைக் குழாயில் செருகினான். சட்டத்தில் போல்ட்டைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நேர் பார்த்து, கிளாம்ப்பை இறுக்கினான். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஏரிக்கரை வளைவுகளில் ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும். கூட்டம் திரும்பிப் பார்க்கும். வெண்டல் கொடுத்த சாமான் லட்சணம் இதுதானா என்று இரண்டே வாரத்தில் அவளே கழற்றச் சொல்வாள்.

சாப்பிடக் கூப்பிட வந்த கார்லீன், முடிந்துவிட்டதைக் கண்டு தானே சாவியைத் திருப்பினாள். இஞ்சின் உறுமியது. ஒரு துணிச்சுருளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பின்னால வாய லேசா அடச்சுப் பிடி. சூடேறதுக்குள்ள பாத்துரலாம்."

இதை அவன் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. மறுக்கவும் வழியில்லை. துணியை வைத்து அழுத்தினான். அவள் மண்டியிட்டு, குழாயும் சைலன்சரும் சேரும் இடத்தைச் சுற்றி உள்ளங்கையைத் தொடாமல் நகர்த்தினாள். ஓர் இடத்தில் கசியும் காற்று பட்டுக் கை நின்றது. இஞ்சினை அணைத்தாள்.

"பழசு உள்ளயே இருக்கு."

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். பையின் துணி வட்டமாகப் புடைத்திருந்தது.

"வெண்டலும் போன வருஷம் இதேதான் செஞ்சான். நான்தான் சுரண்டி எடுத்தேன்" என்றாள். பிறகு, "அவன் தெரியாம செஞ்சான், ரெய்னோ."

எங்கே கற்றாய் என்று கேட்டான்.

"இந்தக் கதவுகிட்ட நின்னுதான். நீ எங்க உள்ள விட்ட?"

கையை நீட்டினாள். பையிலிருந்த கேஸ்கெட்டை எடுத்துக் கொடுத்தான். கிளாம்ப்பைத் தளர்த்தி, சைலன்சரை இழுத்து, திருப்புளியால் பொறுமையாகச் சுரண்டினாள். பழையது கருகிய துணுக்குகளாய் அவன் பூட்ஸ்மேல் உதிர்ந்தது. புதியதை வைத்துச் செருகும்போது குழாயை வெறுங்கையால் அழுந்தப் பற்றினாள். இறுக்கினாள். மறுபடி கிளப்பி, மறுபடி உள்ளங்கையால் சுற்றிவந்தாள். இம்முறை கை எங்கும் நிற்கவில்லை.

"பேஸ்டி ஆறுது" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓடவிட்டபடியே கைகழுவப் போனாள்.

ரெய்னோ ஸ்பிரிட் துணியோடு குனிந்தான். குழாய் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவள் பற்றிய தடங்கள், நான்கு விரல்கள் மேலே, கட்டைவிரல் கீழே. ஈரம்போல் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி அந்தப் பழைய பழுப்பு ரேகை. வெண்டலின் சத்தம் கராஜை நிறைத்திருந்தது. துணி அவன் கையிலேயே உலர்ந்துகொண்டிருக்க, எஃகு மெல்ல மஞ்சளேறத் தொடங்கியது.