தட்டைச் செருப்புக்கு ஏற்ற மடிப்பு

எங்கள் கடையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று தனியாக ஒரு கம்பி இருக்கிறது. அதில் தொங்குவதெல்லாம் கருப்பு, கருநீலம், மிஞ்சிப் போனால் சாம்பல். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கவுன்களின் கீழ் மடிப்பைக் குறித்துத் தைப்பது இருபத்தாறு வருடமாக என் வேலை. மனைவிக்கு உடை எடுக்க வரும் புருஷன்களில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையையும் தரையில் இருந்தபடியே பார்த்தாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்த ஆள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். துரை என்று அப்போதே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். நுழைந்ததும் நேராக அந்தக் கம்பிக்குப் போனார். மனைவி பின்னால் வந்து நின்றாள். ஐம்பத்திரண்டு வயது இருக்கும். நல்ல உயரம், துரையின் தலை அவள் காது வரைதான் எட்டியது. சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் விருந்து, மேடை, போட்டோ எல்லாம் உண்டு, தரை வரைக்கும் வரும் உடைதான் போட வேண்டுமாம். அவர் பேசிய தோரணையைப் பார்த்து அவருக்குத்தான் ஏதோ பட்டாபிஷேகம் என்று நினைத்தேன். தேதியைக் காட்டுவதற்காக அழைப்பிதழை நீட்டினார். பிரசவ வார்டில் முப்பது வருடம் வேலை பார்த்த தலைமை நர்ஸுக்குப் பாராட்டு என்று அச்சடித்திருந்தது. அந்த நர்ஸ் இவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை தெரியக் கூடாதாம். கழுத்து இறங்கக் கூடாதாம். இந்த வயசில் பளபளப்பு எதற்கு என்று என்னையே கேட்டார். உங்கள் மண்டையைவிடவா பளபளக்கப் போகிறது என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவள் பக்கத்திலேயே நிற்க, 'இவளுக்கு', 'இவளுக்கு' என்றே பேசினார், அலமாரிக்கு உறை தைக்கக் கொடுக்க வந்தவர் மாதிரி. கடைசியில் முழுக்கை வைத்த கருப்பு ஒன்றை உருவினார். போட்டோவில் நன்றாக இருக்கும் என்றார். யார் நன்றாக இருப்பார்கள் என்று சொல்லவில்லை.

அவரைவிட அவள் மேல்தான் எனக்கு எரிச்சல். ஒரு வார்டையே கட்டி ஆண்டவள். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

மடிப்பைக் குறிக்கும் முன்னால் எந்தச் செருப்பு என்று கேட்பது எங்கள் தொழில் முறை. தட்டைச் செருப்புக்குக் குறித்த மடிப்பு, ஹீல்ஸ் போட்டால் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். ஹீல்ஸுக்குக் குறித்தது, தட்டையில் தரையைக் கூட்டும். அவளைப் பார்த்துத்தான் கேட்டேன். பதில் துரையிடமிருந்து வந்தது.

"தட்டைதான் போடுவா. அதுக்கு ஏத்த மாதிரி மடிச்சிடுங்க."

அவளும் தலையாட்டினாள். அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். மேடையில் பெண்டாட்டி இன்னும் மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டால் துரையின் மானம் கப்பலேறிவிடுமே. தன் பாராட்டு விழாவில்கூட அவள் குறுகித்தான் நிற்க வேண்டுமா? அவர்கள் கண் முன்னால் தட்டைக்கே குண்டூசி குத்தினேன். போனதும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூன்று அங்குலம் இறக்கித் தைத்தேன். உடையைப் போட்ட பிறகு ஹீல்ஸ் வாங்காமல் தப்ப முடியாது. வாயில்லாத ஒருத்திக்கு நியாயம் செய்துவிட்டேன் என்று நான்கு நாளும் தலைகால் புரியவில்லை எனக்கு.

சனிக்கிழமை மத்தியானம் அவள் மட்டும் வந்தாள். விருந்துக்கு நாலு மணி நேரம் இருந்தது. போட்டுப் பார்த்தாள். கருப்புத் துணி தரையில் புரண்டது. நான் தயாராக வைத்திருந்த வசனத்தை எடுத்துவிட்டேன். பக்கத்துக் கடையிலேயே நல்ல ஹீல்ஸ் இருக்கிறது, யாருக்கும் பயப்பட வேண்டாம், நிமிர்ந்து நில்லுங்கள் என்றேன். வேண்டுமென்றே இறக்கித் தைத்ததையும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள். இரண்டு பாதத்திலும் கட்டைவிரலிலிருந்து தையல் தழும்பு நீளமாக ஓடியது.

"முப்பது வருஷம் நின்ன கால் இது. ரெண்டு ஆபரேஷன் ஆயிடுச்சு. ஹீல்ஸ் போட்டா மேடைப்படி ஏற முடியாது. அது தெரிஞ்சுதான் அவர் சொன்னாரு."

எனக்கு அசடு வழிந்தது. துரைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க நான்தானா கிடைத்தேன்? அவள் கோபப்படவில்லை. நோயாளியிடம் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"அவர் கருப்புங்கறாரு, நீங்க ஹீல்ஸ்ங்கறீங்க. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருமே கேக்கல. அவராவது என் முன்னாடி செஞ்சாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே, "உங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்று கேட்டேன்.

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு எதிர்ப்பக்கம் போனாள். இருபது வயதுப் பெண்கள் எடுக்கிற கம்பியிலிருந்து, கண்ணைக் குத்தும் ரோஸ் கலரில், ஒரு தோள் திறந்து, இடுப்பிலிருந்து தரை வரைக்கும் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த கவுன் ஒன்றை எடுத்து வந்தாள். போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் ஒரு தடவை திரும்பினாள், இன்னொரு தடவையும் திரும்பினாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

அந்த ரோஸ் அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. கைச்சதை பிதுங்கியது, சுருக்கங்கள் இடுப்பை இரண்டு மடங்காகக் காட்டின. எப்படி இருக்கிறது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நான் குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு, தட்டைச் செருப்புக்கு மடிப்பைக் குறிக்க ஆரம்பித்தேன்.