கூட்டுப் பொறுப்பு

அந்த வீட்டில் எதையும் ஓட்டெடுப்பு நடத்தித்தான் முடிவு செய்வார்கள். எல்லாம் மகனின் ஏற்பாடு. கம்பெனி கம்பெனியாகப் போய், ஒற்றுமையாக வேலை செய்வது எப்படி என்று வாய் கிழியப் பாடம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. முப்பத்திரண்டு வயதில் தன் போர்வையை மடிக்கத் தெரியாதவன் பேசுவதைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஜன்னல் திரையைத் துவைப்பதா வேண்டாமா என்பதற்குக்கூடக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டு நடக்கும். துவைக்கலாம் என்று முடிவாகும். துவைப்பது அம்மா.

அம்மா சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். நாற்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மெஷின் கத்தியைக் கோடு பிசகாமல் ஓட்டுவாள். போன மாதம் குளிக்கும்போது இடது அக்குளுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எடுத்துப் பரிசோதித்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் கையெழுத்துப் போடவும் கூட இருக்கவும் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

ஆள் யார்? உடனே ஓட்டெடுப்பு. 'பயனாளி' என்பதால் அம்மாவுக்கு ஓட்டு இல்லை. வேலையில் இருந்தவரை அலுவலகத்தில் ஓய்வெடுத்துவிட்டு, இப்போது அதை வீட்டில் தொடரும் அப்பா மகனுக்குப் போட்டார். மகன் தங்கைக்குப் போட்டான். அன்பாக வாழ்வது எப்படி என்று தினம் ஒரு வீடியோவில் கண் கலங்கும் தங்கை, அப்பாவுக்குப் போட்டாள்.

"ஆளுக்கு ஒரு ஓட்டு. அப்படின்னா மூணு பேருக்கும் கூட்டுப் பொறுப்பு," என்று தீர்ப்பு சொன்னான் மகன்.

மற்ற இருவரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். கூட்டுப் பொறுப்பு என்றால் மற்ற இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். இது மட்டும் மூன்று மரமண்டைகளுக்கும் யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா கிளம்பும்போது மூன்று அறைக் கதவுகளும் சாத்தியிருந்தன. பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று நம்பினாள். அவளையும் சொல்ல வேண்டும், இத்தனை வருஷம் அதுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு இன்னும் நம்புகிறாளே.

ஆஸ்பத்திரியில் முதுகுப்புறம் முடிச்சுப் போடும் பச்சை அங்கியை மாட்டிவிட்டு உட்கார வைத்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"வந்துட்டே இருக்காங்க."

ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டாள். "பையன் அங்கதானே இருக்கான்? அவன்கிட்ட கேளு," என்று வைத்துவிட்டார். மகன் எடுக்கவில்லை. 'தைரியம்தான் பலம் அம்மா' என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. மகள் எட்டு இதயங்கள் அனுப்பினாள். எட்டு இதயத்தில் ஒன்றுக்காவது இரண்டு கால் இருந்திருக்கலாம்.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆள் இல்லாம டாக்டர் தொட மாட்டாரும்மா. அடுத்த வியாழக்கிழமை யாரையாவது கூட்டிட்டு வாங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க." அம்மா அங்கியைக் கழற்றிப் புடவையைக் கட்டிக்கொண்டு, கேண்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் பிடித்தாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"முடிஞ்சுதா? நான்தான் சொன்னேன்ல, இதெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னு," என்றார் அப்பா.

"பாத்தீங்களா? எல்லாரும் சேந்து நின்னா எவ்வளவு ஈசி!" என்றான் மகன். எல்லாரும் எங்கே நின்றார்கள் என்று அவனுக்கும் தெரியாது.

"என் சிங்கம்!" என்று ஓடி வந்த மகள், ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அம்மாவின் இடது பக்கத்தை இறுக்கி அணைத்துப் படம் எடுத்தாள். தையல் போட்டிருந்தால் அங்கேதான் போட்டிருப்பார்கள். உயிர் போகிற வலி வலித்திருக்கும். அம்மா முகம் சுளிக்கவில்லை. ஏன் சுளிக்கவில்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கூட யார் இருந்தார்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்றார் அப்பா.

சொல்லிவிடலாம் என்று திறந்த வாயை அம்மா மூடிக்கொண்டாள். சொன்னால் அதற்கும் ஒரு ஓட்டெடுப்பு நடக்கும். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டறையில் பட்டன் தைப்பவளுக்குப் போன் போட்டாள். ஆறு வருஷமாகப் பக்கத்து மேசை. வேலையைத் தவிர அதிகம் பேசிக்கொண்டதில்லை.

"அடுத்த வியாழக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா? எனக்கு ஒரு கட்டி எடுக்கணும். கூட ஒரு ஆள்..."



"எத்தனை மணிக்கு வரணும்க்கா?"