சந்திராவின் பாதி வாக்கியம்

1

இதை முதலில் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் குருமூர்த்தி என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அறையில் நாலைந்து தமிழர்கள் சாம்பார் சாப்பிடக் கூடுவோம். அங்கேதான் சொன்னார்:

"மீட்டிங்ல நம்மூர் லேடி ஒருத்தி பேச எழுந்தா. ஜெர்மன்காரன் எல்லாம் மேஜையைத் தட்டினானா, திட்டறாங்கன்னு நெனச்சு டக்குன்னு உக்காந்துட்டா!"

எல்லோரும் சிரித்தோம். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு கழுவுகிறவன். வாரம் முழுவதற்கும் தமிழில் சிரிக்க எனக்கு அந்த ஒரு இடம்தான்.

(இங்கே பேச்சு பிடித்திருந்தால் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். நம்மூர் சட்டசபையிலும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் வகுப்பில் வாத்தியார் தட்டினால் என்ன அர்த்தம்? அவளுக்குத் தெரிந்தது அந்தத் தட்டல்தான்.)

டிராமில் திரும்பும்போதுதான் தோன்றியது. அந்தப் பெண் என்ன சொல்ல எழுந்தாள்? அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"ஏதோ துணி துவைக்கிற மேட்டர்பா. அதுக்கு ஒரு சட்டம் வேணுமாம்."

"அப்புறம் மறுபடி எழுந்தாங்களா?"

"யாருக்குத் தெரியும்? நான் டிராம் பிடிக்கக் கெளம்பிட்டேன்."

ஆகவே, இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

"1972. ரைன் நதி அமைதியாக ஓடிக்கொண்டிரு" – வேண்டாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோதுதான் நதியை ஓடவிடுகிறோம்.

"சந்திரா ஒரு புரட்சிப் பெ" – அடித்துவிட்டேன். படித்தால் அவளே சிரிப்பாள்.

"சந்திரா பால்கனியில் நின்று கணவனின் சட்டையை உதறினாள். சிவப்பாகப் பொடி பறந்தது. அவள் காலடியில் மூன்று வயது கண்மணி பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்." இது நிற்கட்டும்.

கணவன் பாஸ்கரன் துறைமுகப் பக்கம் ஒரு பெயிண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். (ஆலையின் பெயரைத் தேடாதீர்கள். நான் கட்டிய ஆலை.) இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற சிவப்புப் பெயிண்ட். அதில் ஈயம் உண்டு. கண்மணிக்கு அடிக்கடி வயிற்றுவலி. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கீழ்வீட்டு ஹெல்கா வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்குகிறாள். ஆலை உடையை ஆலையே துவைக்க வேண்டும், மாநிலச் சட்டசபை அதற்குச் சட்டம் போட வேண்டும். கதவைத் திறப்பவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். பேச வரச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள். மாநிலத் தலைநகர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கூட்டத்துக்கு வரப்போகும் சட்டசபை உறுப்பினரோ ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு வீட்டிலிருந்தாவது யாராவது எழுந்து சொல்லட்டும். அப்போதுதான் இதைச் சபைக்குக் கொண்டுபோவேன்."

ஹெல்கா சந்திராவைக் கேட்டாள். சந்திரா சரி என்றாள்.

3

முதல் பிரதியில் பாஸ்கரனை முரடனாக எழுதியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன். இப்போது இப்படி:

"நீ பேசினா ஃபோர்மேன் என்னைத் தூக்கிடுவான் சந்திரா. வேலை போனா விசா போச்சு."

"பேசலைங்க. நாளையிலேருந்து உங்க சட்டையை நீங்களே துவைச்சுக்குங்க."

"நான் எங்க போய்த் துவைப்பேன்?"

"அதைத்தாங்க நானும் அங்க கேக்கப் போறேன்."

[இங்கே பாஸ்கரன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கச் சொல்லவில்லை.]

"உன் ஜெர்மன் அவங்களுக்குப் புரியணுமே?"

"உப்பு கேட்டு சோப்பு வாங்கிட்டு வந்தவர் சொல்றீங்களா?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள்.

4

பீர்க்கடையின் பின்கூடம். முன் மேஜையில் சட்டசபை உறுப்பினர், பக்கத்தில் ஹெல்கா. நடுவில் ஃபோர்மேன், கையைக் கட்டிக்கொண்டு. கடைசி வரிசையில், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, மடியில் கண்மணியோடு பாஸ்கரன். தன்னை யாரும் கவனிக்கக்கூடாது என்பதற்காகத் தொப்பியையும் கழற்றவில்லை.

சந்திரா எழுந்தாள். அவள் ஜெர்மனைத் தமிழில் தருகிறேன். பிழைகளை மட்டும் நீக்கிவிட்டேன்.

"சட்டையோடு எங்கள் வீட்டுக்குச் சிவப்புப் பொடி வருகிறது. அது என் மகள் ரத்தத்தில் இருக்கிறது. இனிமேல் நான் அந்தச் சட்டையை வீட்டில்—"

இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு கிழவி தட்டினாள். பிறகு அந்த மேஜை, அடுத்த மேஜை, கூடமே தட்டியது. சந்திராவின் முகம் செத்துப்போயிற்று. உட்கார்ந்துவிட்டாள்.

(ஜெர்மனிலும் இப்படிப்பட்ட வாக்கியத்தில் வினைச்சொல் நம்மைப் போலக் கடைசியில்தான் வரும். அதனால் துவைப்பாளா, துவைக்க மாட்டாளா என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. உறுப்பினர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார்.)

5

முடிவுகள்:

அ) அவள் எழவில்லை. குருமூர்த்தியின் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர் டிராமுக்குப் போய்விட்டவர்.

ஆ) மறுநாளே சட்டம் நிறைவேறி, கோயில் மணிகளெல்லாம் ஒலி – இல்லை. சட்டம் அப்படி வராது. ஹெல்கா இன்னும் எத்தனையோ மாடி ஏற வேண்டியிருக்கும்.

இ) பாஸ்கரனுக்கு அந்தத் தட்டல் தெரியும். ஆலை கேன்டீனில் தினமும் கேட்கிறான். ஃபோர்மேனின் முதுகைப் பார்த்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவில் தமிழில் கத்தினான்:

"சந்திரா! திட்டலம்மா! நல்லாயிருக்குன்னு தட்டறாங்க! பேசு!"

ஃபோர்மேன் திரும்பிப் பார்த்தார். பாஸ்கரன் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அவனும் தட்டினான்.

எனக்கு இதுதான் வேண்டும். ஆனால் நான் ஒருவன் விரும்பினால் போதாது. ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஹெல்கா என்ன செய்வாள்?

இப்போது நானும் என் மேஜையைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரர் பதிலுக்குச் சுவரைத் தட்டினார். அது திட்டுத்தான். பரவாயில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு மேஜை இருக்கும். இல்லையென்றால் நாற்காலிக் கையாவது இருக்கும். சந்திரா மறுபடி எழுந்துவிட்டாள். தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாள்.

"இனிமேல் நான் அந்தச் சட்டையை வீட்டில்—"

தட்டுங்கள்.