மூலையில் ஒடுங்கிய எலி

ஹரிதாவின் மகள் அக்ஷிதா பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. போனதும் மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது பிள்ளை. “உன்ற ரத்தமாச்சே, பின்னெப்படி இருக்கும்?” என்று புருஷன் உதய் சிரித்தான். சிரிக்கிற பேச்சா அது? ஹரிதாவும் சின்ன வயதில் அப்படித்தான். அவள் அப்பாவும் சாகும்வரை அப்படித்தான்.

கோயமுத்தூரில் அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில், பயந்தாங்கொள்ளி எலிகளையே ஜோடி சேர்த்துச் சேர்த்து ஒரு வம்சம் வளர்த்திருந்தார்கள். அதில் ஒரு குட்டியை, வளர்ப்பு ரத்தத்தை மாற்றுமா என்று பார்க்க, பிறந்த அன்றே தைரியசாலித் தாய் எலி ஒன்றிடம் பால்குடிக்க விட்டிருந்தாள் ஹரிதா. இப்போது அது வளர்ந்துவிட்டது. சோதனைப் பெட்டிக்குள் விளக்கு எரிந்ததும் எலி லீவரை அழுத்தினால் சர்க்கரை உருண்டை விழும். இந்த எலி அதைக் கற்றுக்கொண்டால் அக்ஷிதாவும் தேறிவிடுவாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். விஞ்ஞானம் படித்தவள் ஒற்றை எலியிடம் ஜோசியம் கேட்கலாமா? பெற்ற வயிறு, கேட்டது.

விளக்கு எரிந்தது. எலி மூலையில் ஒடுங்கிக்கொண்டது. மறுநாளும் அதே கதை. ஹரிதாவுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு உருண்டையை அதன் மூக்கருகே வைத்தாள். தின்றது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் யாருக்கும் தெரியாமல் தினமும் வைத்தாள். தைரியம் வந்தால் தானே அழுத்தும் என்ற நினைப்பு.

ஒருநாள் பேராசிரியர் பாலகோபால் வந்து பக்கத்தில் நின்றார். விளக்கு எரிந்தது. நடுவில் இருந்த எலி ஓடிப்போய் மூலையில் ஒடுங்கி, அங்கிருந்தே தலையைத் தூக்கி மூடியைப் பார்த்தது.

“ஏனம்மணி, கையில தீனி குடுத்தீங்களா?”

அவள் கையிலிருந்த உருண்டையைப் பின்னால் மறைத்தாள்.

“நல்லாத்தான் கத்துக்கிச்சு போங்க,” என்றார் அவர். “பயந்து உக்காந்தா தீனி வரும்னு. பயந்த வம்சத்துக்கு அது சீக்கிரம் புடிபட்டுரும். இனி மாத்தறது சிரமமுங்க.”

மத்தியானமானால் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, மூலையில் இருக்கும் மகளை மடியில் தூக்கி வைத்து ஊட்டிவிட்டு வருகிறவள் ஹரிதா. ரத்தத்தை நினைத்துப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போதுதான் நிஜமாகப் பயமாக இருந்தது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. அக்ஷிதாவின் டீச்சர்.

“ஏனுங்க, பாப்பா சோத்தத் தொடமாட்டேங்குதுங்க. மூலையில உக்காந்து கதவையே பாத்துட்டு இருக்குது.”

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“இதா, வாரேனுங்க,” என்றாள்.