வடிகாலில் வராத உப்பு

மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது அவளுடைய காலைப் பழக்கம். உப்பு அளக்கும் மீட்டரெல்லாம் பிறகுதான். கடல் ஏறி நின்று வடிந்த நிலத்தில் ஆறு மேட்டுப்பாத்தி போட்டாள். ஜிப்சம் தூவி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் இறக்கிவிட்டு, வைக்கோலால் மூடினாள். முதல் பாத்தியில் பீட்ரூட் வந்தது. அது உப்பைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த பாத்திகளில் தக்காளி. ஆறாவதில் பீன்ஸ். உப்பு கொஞ்சம் பட்டாலே சுருண்டுவிடும் பயிர்.

"பீன்ஸ் முளைச்சா நிலம் உனக்கு. இல்லன்னா வெள்ளிக்கிழமை அண்ணன் வந்ததும் வித்துட்டு மறுவேல பாப்பேன்" என்று கணவன் சொல்லியிருந்தான். சொன்ன கையோடு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். ஒரு மாதமாக அவனுக்கு அடங்காத தாகம்.

"கிணத்தையே காலி பண்ணிடுவீங்க போலிருக்கே."

"எல்லாம் உன் சமையல்தான். உப்பு தூக்கல். மண்ணத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சுடி உனக்கு."

ஒரு வாரமாக எதிலுமே உப்புப் போடவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

வியாழன் மதியம் வேளாண் அலுவலர் வந்தார். ஆறாவது பாத்தியில் பீன்ஸ் வரிசையாகத் தலைநீட்டியிருந்தது.

"கில்லாடிக்கா நீங்க!" என்றவர், அவளுடைய மீட்டரை வாங்கி வடிகாலில் இறக்கினார். துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். "இன்னிக்கும் நல்ல தண்ணியா இருக்கே. கழுவுன உப்பு இந்த வழியாத்தானே போகணும்?"

"போயிருக்கும் சார்."

"ஒவ்வொரு தடவையும் நான்தானே அளந்தேன்? ஒரு நாளும் ஏறலியேக்கா. அவ்ளோ உப்பும் எங்கதான் போச்சு?"

அவர் போனதும் வீட்டுக்கு நடந்தாள். கொடியில் கணவனின் சட்டை அட்டைபோல் விறைத்திருந்தது. காலரில் வெள்ளை பூத்திருந்தது. அவன் கட்டிலில் அயர்ந்து கிடந்தான். இமைமயிரிலும் அதே வெள்ளை. பக்கத்தில் அவன் குடித்து மிச்சம் வைத்த தம்ளர். மீட்டரை அதற்குள் விட்டாள். எண் ஏறியது. நிலத்தில் முதல் நாள் பார்த்த அளவைத் தாண்டியது. பிறகு எண்ணே இல்லை, வெறும் கோடு.

உப்பை நிலத்துக்கே திருப்பிக் கொடுத்தால் அது அவனை விட்டுவிடும் என்றுதான் தோன்றியது. பீன்ஸ் போனால் போகட்டும். ஓடினாள். கடல்வாய்க்காலை அடைத்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். கடல் ஏறும் நேரம். தண்ணீர் பாத்திகளுக்கிடையே புகுந்து, பீன்ஸை மூழ்கடித்து, அவள் முழங்கால்வரை ஏறியது.

"இந்தா, எடுத்துக்க. அவர விட்டுடு."

பழக்கத்தில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பில்லை. நாக்குதான் செத்துவிட்டதோ என்று மீட்டரை இறக்கினாள். கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது மழைநீரைப்போல நல்ல தண்ணீர்.

வீட்டுக்குள்ளிருந்து வறண்ட குரல் கேட்டது.

"ஏய்... தண்ணி."