தொய்ந்த கயிறு

இங்கிலாந்தின் டட்லி ஊர்த் தொழிலாளர் கிளப்பில் மேடைத் தரைக்கு மெழுகு போட்டிருப்பார்கள். கால்மிதியை மிதிக்கிற வேகத்தில் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துவிடும். ஆணி அடித்துக் கட்டை வைக்கலாம் என்றால் கிளப் செயலாளர் விட்லாக் விடமாட்டார். அதனால் டிரம் வாசிக்கும் நாரிஸ் பெக் அதைக் கயிற்றால் தன் முக்காலியோடு கட்டிக்கொள்வான். அவன் எடைதான் அதற்கு நங்கூரம்.

பின்னாளில் அவன் பெயருக்கே மைதானங்கள் நிறைந்தன. அந்தச் சனிக்கிழமை அவன் வார்ப்படத் தொழிலாளி. இசைக்குழுவில் இடம் நிலைக்குமா என்று தெரியாதவன். அவன் சத்தம் தாங்காமல் இரண்டு கிளப்புகள் குழுவைப் பாதியிலேயே அனுப்பியிருந்தன.

"இன்னிக்கும் தொரத்துனாங்கன்னா அவ்ளோதான்டா," என்றான் பாடகன் லென். "அடுத்த வாரத்துலேருந்து ட்ரெவர் வாசிப்பான்."

"அவனுக்குத் தாளமே நிக்காதேடா."

"வேன் வச்சிருக்கான்ல."

நாரிஸின் டிரம்கள் பேருந்தில் வருபவை. அவன் சத்தம் அடங்க, பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளியைத் திணித்தான். மற்றவற்றின் மேல் துண்டுகளை விரித்தான்.

முன்மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டாள். "என்ன கண்ணு, டிரம்முக்குக் குளுருதா? போத்தி விட்டிருக்க?"

"சளி புடிச்சிருக்குக்கா."

மேசையே சிரித்தது. பிறகு எல்லோரும் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். பாட்டு தொடங்கியது, பேச்சு நிற்கவில்லை. நாரிஸ் மணிக்கட்டை மட்டும் அசைத்தான். தன் அடிகளைவிடக் கோப்பைகளின் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

இடைவேளையில், எண்களைக் கூப்பிட்டுப் பரிசு தரும் பிங்கோ ஆட்டம். விட்லாக் எண்களைப் படிக்கத் தொடங்கியதும் கூடம் அடங்கியது. ஒருவர் இருமலை விழுங்கினார். நாரிஸ் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இரண்டாம் பாதியில் முன்மேசைப் பெண் மேடைக்கு முதுகு காட்டி இறைச்சி பஃப்ஸ் தின்றாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் விட்லாக் வந்து அவன் தோளைத் தட்டினார். "அருமை தம்பி. நீ ஒருத்தன் இருக்கிறதே தெரியல. அடுத்த மாசமும் வந்துருங்க."

அவர் நகர்ந்ததும் லென் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பொழைச்சடா! இடம் ஒனக்குத்தான்."

நாரிஸ் குனிந்து கயிற்றைத் தொட்டான். மற்ற நாட்களில் இழுபட்டு இறுகிப்போகும் அந்த முடிச்சைப் பல்லால்தான் அவிழ்ப்பான். இன்று விரல் பட்டதுமே அவிழ்ந்தது.

"ட்ரெவரையே கூப்டுக்கோ, லென்."

"கிறுக்கா ஒனக்கு? அதான் இடம் ஒனக்குன்னு சொல்றேன்ல?"

"இன்னிக்கு வாசிச்சதும் நான் இல்லடா, அவன்தான்."

கம்பளியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய டிரம்மை வாசலுக்கு உருட்டினான். படியில் இடித்து அது ஒரு முறை அதிர்ந்தது. முன்மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.